பூஜை அறையில் ஒரு பொத்தான்

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், லாரிகள் நிற்கும் காலி மனையை ஒட்டிய தகரக் கொட்டகையில் துரைக்கண்ணு கடை வைத்திருந்தார். கடை என்று பேர்தான். போர்டு கிடையாது, மேஜை நாற்காலி கிடையாது. ஒரு மரப்பெட்டி, ஆணியில் தொங்கும் ஒயர் சுருள்கள், ஊர்ப்பட்ட பழைய டைனமோக்கள், அவ்வளவுதான் முதலீடு. ஆனால் செய்யாறு, வாலாஜாபாத் வரைக்கும் எந்த லாரிக்கு விளக்கு எரியாவிட்டாலும், எந்தக் காருக்கு ஹாரன் அடிக்காவிட்டாலும், 'ஒயரிங் துரைக்கண்ணுகிட்ட காட்டுபா' என்பார்கள்.

பிறந்தது ஐயம்பேட்டை. அப்பா கலியனுக்கு ஒன்றரை ஏக்கர் நஞ்சை. ஊருக்குள் கரண்ட் வந்து கிணறுகளில் மோட்டார் இறங்கிய புதிதில், எரிந்துபோன ஒரு மோட்டாரைப் பிரித்து உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்த்ததுதான் துரைக்கண்ணுவின் படிப்பு. ஏர் பிடிக்க வேண்டிய பிள்ளை செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டு கலியன் கொதித்தார். "நாளைக்குக் கம்பியைத்தான் துன்னப்போறியா?" என்று கேட்டார். துரைக்கண்ணு மறுநாளே வாலாஜாபாத்தில் ஒரு லாரி ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். எட்டு வருஷம் அங்கே எண்ணெயிலும் புகையிலும் கிடந்துவிட்டுத்தான் காஞ்சிபுரத்தில் கொட்டகை போட்டார். பிறகு பெரியநாயகியைக் கட்டிக்கொண்டார். அவள் பொறுமைசாலி. பெரிய வேலை ஒன்று கையில் இருந்தால் மனுஷன் சோற்றில் உப்பு இருக்கிறதா என்றுகூடப் பார்க்கமாட்டார் என்பதை முதல் மாதமே தெரிந்துகொண்டாள்.

கை சுத்தம், வாய் சுத்தம். ஒரு குறையும் உண்டு, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 'இது ஆவாத வேலை' என்று யாராவது அவர் எதிரே சொல்லிவிட்டால் போதும், அவருக்கு உள்ளே ஏதோ சுருக்கென்று தைத்துவிடும். செய்யலாமா என்று யோசிக்கிற புத்தி விலகி, எப்படிச் செய்வது என்கிற புத்தி வந்து உட்கார்ந்துகொள்ளும். அதில் நல்லதும் நடந்திருக்கிறது. எழுபத்து மூன்றாம் வருஷக் கார்த்திகையில் நடந்தது அந்த வகையில் சேராது.

திருஞானசம்பந்த முதலியாருக்குப் பிள்ளையார்பாளையத்தில் வீடு. அறுபது தறிக்குப் பட்டும் சரிகையும் கொடுத்துப் புடவையாக வாங்கி, மெட்ராஸ் ஜவுளிக் கடைகளுக்குப் போடுகிறவர். கறுப்பு அம்பாசிடர் ஒன்று வைத்திருந்தார். அந்தக் காரோடு ஒரு மத்தியானம் கொட்டகைக்கு வந்தார். அவருக்கு இரண்டு குறைகள்.

முதல் குறை, டிரைவர் பக்கத்துக் கதவின் பூட்டு கெட்டுப் பல மாதமாகிறது. போன மாதம் மெட்ராசில் ஒரு கடை வாசலில் நிறுத்தியிருந்தபோது, எவனோ அந்தக் கதவைத் திறந்து, பதினோரு முகூர்த்தப் புடவைகளை மூட்டையோடு தூக்கிக்கொண்டு போய்விட்டான். கதவில் கை வைத்தால் ஊரே கேட்கிற மாதிரி வண்டி கத்த வேண்டும். பூட்டை மாற்றினால் போதாதா என்று கேட்டால், பூட்டை உடைப்பவன் உடைக்கத்தான் செய்வான் என்பது முதலியாரின் வாதம்.

இரண்டாவது குறைதான் விசேஷமானது. முதலியார் பஞ்சாங்கம் பாராமல் வாசல்படி தாண்டமாட்டார். நல்ல நேரத்தில் புறப்பட முடியாதவர்கள் ஒரு பையையோ குடையையோ அந்த நேரத்தில் அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், புறப்பட்டுவிட்டதாகவே கணக்கு. பரஸ்தானம் என்பார்கள். முதலியார் அதையே கொஞ்சம் நாகரிகமாக யோசித்திருந்தார்.

"பூஜை முடிய எனக்கு ஒரு மணி நேரம் ஆவுது, துரைக்கண்ணு. நல்ல நேரம் எனக்கோசரம் காத்துகினு இருக்குமா? நான் சாமி எதிர்ல குந்திகினே வண்டியை ஸ்டார்ட் பண்ணணும். என் கையால இஞ்சின் ஓடிட்சின்னா நான் கெளம்பின மாதிரிதான். அப்பாலிக்கு ராகுகாலம் வந்தா இன்னா, எமகண்டம் வந்தா இன்னா?"

டிரைவர் முனிரத்தினம் பக்கத்தில் நின்று பீடியை மறைத்துக்கொண்டு சிரித்தார். இருபது வருஷ டிரைவர். "வூட்டுக்குள்ள இருந்து திருப்ப வண்டி இன்னா ரேடியோவா, மொதலாளி? இதெல்லாம் ஆவாத வேலை" என்றார்.

துரைக்கண்ணு நிமிர்ந்து பார்த்தார். "ஆவும்" என்றார்.

மூன்று நாள் வேலை. பூஜை அறைச் சுவரில், விளக்கு மாடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தான். அதிலிருந்து ஒயர் சுவரைத் துளைத்து வாசலுக்கு வந்து, காரின் முன்பக்கத்தில் ஒரு பிளக்கில் செருகிக்கொள்ளும். பொத்தானை அமுக்கினால் லாரியிலிருந்து எடுத்த ரிலே ஒன்று சாவியின் வேலையைச் செய்யும், இன்னொன்று ஸ்டார்ட்டரைச் சுழற்றும். இஞ்சின் பிடித்துக்கொண்ட பிறகு பிளக் கழன்றாலும் ஓட்டம் நிற்காது. கதவில் ஒரு சின்ன சுவிட்சு; திறந்தால் இரண்டு லாரி ஹாரன்கள் சேர்ந்து அலறும். எல்லாவற்றையும் ஒரே அடியாக அடக்க ஸ்டியரிங்குக்குக் கீழே, யார் கண்ணுக்கும் படாத இடத்தில் ஒரு ரகசிய சுவிட்சு. அதைத் தள்ளினால் இஞ்சினும் நிற்கும், ஹாரனும் அடங்கும். அது இருக்கும் இடம் முதலியாருக்கும் டிரைவருக்கும் துரைக்கண்ணுவுக்கும் மட்டுமே தெரியும்.

இரண்டாம் நாள் காருக்கு அடியில் படுத்திருந்தபோதுதான் அவருக்கு அது உறைத்தது. வண்டி கியரில் இருக்கும்போது யாராவது பொத்தானை அமுக்கினால்?

வெளியே வந்து முனிரத்தினத்தைக் கேட்டார். "கைபிரேக் புடிக்குதா?"

"கைபிரேக்கா? அது அழகுக்கு இருக்குது. மொதல் கியர்ல போட்டுட்டு எறங்கிடுவேன். இந்த ஊர்ல எல்லாரும் அப்படித்தானே?"

அப்படித்தான். தெருவோ லேசான சரிவு. கியரில் போடாமல் இறங்கினால் வண்டி தானாக நகரும். கியரில் போட்டுவிட்டுப் பொத்தானை அமுக்கினாலோ ஆளே இல்லாமல் கிளம்பும். அதுவும் பனிக் குளிரில் இஞ்சின் சட்டென்று பிடிக்க வேண்டும் என்று முனிரத்தினம் முந்தின சாயங்காலமே சோக்கை இழுத்துவைத்துவிட்டுப் போகிறவர். ஒரு தடவை பற்றிக்கொண்டால் இஞ்சின் லேசில் அணையாது.

மாற்று இருந்தது. கியர் ராடுக்குக் கீழே ஒரு சுவிட்சு வைத்துவிட்டால், வண்டி நியூட்ரலில் இருந்தால் மட்டும் பொத்தான் வேலை செய்யும். தோதான சுவிட்சு மெட்ராசிலிருந்து வர வேண்டும். இரண்டு நாள் ஆகும். முதலியாரிடம் சொன்னார்.

"நாளைக்கு வியாழக்கிழமை, வளர்பிறை. இதை வுட்டா மார்கழி பொறந்துடும், புதுசா ஒண்ணும் ஆரம்பிக்க முடியாது. நீ நாளைக்கு முடி. அந்த சுவிட்சை அப்பாலிக்கு வெச்சிக்கலாம்."

முனிரத்தினமும் கையடித்துச் சொன்னார். "இனிமே நியூட்ரல்லதான் வுடுவேன், அண்ணே. சக்கரத்துக்குக் கல்லு வெச்சிடுறேன். போதுமா?"

போதாது என்று துரைக்கண்ணுவுக்குத் தெரியும். தெரிந்தே 'சரி' என்றார். ஆவாத வேலை ஆகிவிட்டதைக் காட்ட அவருக்கும் அவசரம் இருந்தது என்பதுதான் உண்மை.

வியாழக்கிழமை காலை தெருவே கூடி நின்றது. முதலியார் உள்ளே கற்பூரம் காட்டிவிட்டுப் பொத்தானை அமுக்கினார். வாசலில் காலியாக நின்ற கார் உலுக்கிக்கொண்டு உறுமியது. சனங்கள் கை தட்டினார்கள். பிறகு துரைக்கண்ணு கதவைத் திறந்து காட்ட, ஹாரன்கள் போட்ட கூச்சலில் கோபுரத்துப் புறாக்கள் எல்லாம் எழும்பின. காதைப் பொத்திக்கொண்டே முதலியார் தெருவுக்குச் சொன்னார்: "இது கத்திச்சின்னா எவனோ திருடன் கை வெச்சிட்டான்னு அர்த்தம். எவனா இருந்தாலும் புடிச்சி இழுத்துப் போடுங்க. வுட்டுடாதீங்க."

"நான் இருக்குறேன், ஐயா" என்றார் உமாபதி. முதலியாருக்குத் தறி நெய்கிறவர், நாலு வீடு தள்ளிக் குடியிருந்தார். தெருவிலேயே வலுவான கை அவருடையது. அவர் மனைவி தையல்நாயகி வாய்த்துடுக்குக்காரி. 'சாமி ரூம்ல கார் சுவிட்சா? இனிமே கார்ல சாமி குந்திகினு போவட்டும், முதலியார் நடந்து வரட்டும்' என்று சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்தாள். பிறகு காரைப் பார்த்தாள். ஆளில்லாத இருக்கைக்கு முன்னால் ஸ்டியரிங் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. சிரிப்பு போய்விட்டது.

"இன்னா அண்ணே இது, ஆளே இல்லாம வண்டி மூச்சு வுட்டுகினு இருக்குது? எனக்கு நல்லதாப் படல."

"ஒண்ணும் ஆவாதும்மா" என்றார் துரைக்கண்ணு.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. மெட்ராசுக்குச் சுவிட்சு கேட்டு லாரி டிரைவரிடம் சொல்லி அனுப்பினார், வரவில்லை. மறுபடி அனுப்பினார். வேறு அளவில் ஒன்று வந்தது, திருப்பி அனுப்பினார். மார்கழி பிறந்துவிட்டது. முதலியார் வாரம் இரண்டு முறை பொத்தானை அமுக்கினார், ஒன்றும் ஆகவில்லை. பெரியநாயகி, 'வேலை நல்லாத்தானே ஓடுது, ஏன் பேய் அறைஞ்ச மாதிரி இருக்குற?' என்று கேட்டாள். அவர் சொல்லவில்லை. சொன்னால் நடந்துவிடும் என்று ஒரு பயம். அந்த வீட்டுப் பக்கம் போகும்போதெல்லாம் சக்கரத்துக்கடியில் கல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் சைக்கிளை மிதிப்பார்.

மார்கழியில் ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணி தாண்டியிருக்கும். கொட்டகைக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் முனிரத்தினம் உட்கார்ந்து சாவகாசமாக டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு மெட்ராஸ் போவலையா?" என்று துரைக்கண்ணு கேட்டார்.

"எட்டரைக்குத்தான் வரச் சொன்னாரு. நிதானமாப் போலாம்." டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, போகிற போக்கில் சொன்னார்: "நேத்து சாயங்காலம் பாத்தா கல்லைக் காணோம், அண்ணே. எவன் எடுத்தான்னு தெரியல. வண்டி நகருது. அதான் கியர்ல போட்டு வுட்டேன். அவரு வெளிய வர்றதுக்குள்ள போயி எடுத்துடுவேன்."

முதலியார் எட்டரைக்குத்தான் வெளியே வருவார். ஆனால் திங்கட்கிழமை ராகுகாலம் ஏழரைக்கு. அதற்கு முன்னால் பொத்தான் அமுங்கிவிடும். அதற்குத்தானே அந்தப் பொத்தான். டீக்கடைக் கடிகாரத்தில் ஏழு பதினைந்து.

சைக்கிளை எடுத்தார். அப்படி அவர் வாழ்நாளில் ஓட்டியதில்லை. காய்கறிக் கூடை ஒன்று கவிழ்ந்தது, வசவு கேட்டது, திரும்பிப் பார்க்கவில்லை. ஏகாம்பரநாதரே, ஏகாம்பரநாதரே என்று வாய் மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. பிள்ளையார்பாளையத்துக்குள் திரும்பியதும் தெருவைப் பார்த்தார்.

தெரு நடுவில் பாவு நீட்டியிருந்தார்கள். வெயில் ஏறுவதற்கு முன் நெசவுத் தெருக்களில் நடக்கிற வேலைதான். தறியில் ஏற்ற வேண்டிய பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, சிக்கெடுத்து, அறுந்ததை முடிவார்கள். உமாபதி வீட்டுப் பாவு. உமாபதி நடுவில் நின்று இழையை நீவிக்கொண்டிருந்தார். தையல்நாயகி காருக்கு முன்னால் முப்பதடி தள்ளி, பாவின் முனையில் குந்தி, இழைகளை வரிசை மாறாமல் பிரித்து நிறுத்தும் மூங்கில் குச்சிகளைக் கையில் பிடித்திருந்தாள். அவள் முதுகு காரைப் பார்த்து இருந்தது.

"எழுந்திரும்மா!" என்று கத்தினார். அவள் திரும்புவதற்குள் கார் ஒரு குதி குதித்தது. ஸ்டார்ட்டர் முக்கியது, இஞ்சின் பற்றியது. பிளக் பட்டென்று கழன்று விழ, கறுப்பு அம்பாசிடர் ஆளில்லாமல் நகர ஆரம்பித்தது. வேகமில்லை. மனுஷன் நடக்கிற வேகந்தான்.

துரைக்கண்ணு சைக்கிளை எறிந்துவிட்டு ஓடினார். ஓடுகிற காரின் கைப்பிடியைப் பிடித்து டிரைவர் கதவைத் திறந்தார். தலையையும் தோளையும் உள்ளே விட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே கையை நீட்டினார்.

ஹாரன்கள் அலறின.

தெருவே நிமிர்ந்தது. பார்த்தவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: முதலியார் காரை எவனோ கிளப்பிக்கொண்டு போகிறான், இன்னும் முழுசாக ஏறக்கூட இல்லை, இரண்டு கால் வெளியே தொங்குகிறது. முதலியார் சொல்லிவைத்திருந்தார் அல்லவா, விடாதே என்று? உமாபதி பாவை விட்டுவிட்டுப் பாய்ந்து வந்து, பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தார். இன்னும் இரண்டு பேர் காலைப் பிடித்தார்கள். துரைக்கண்ணுவின் விரல் நுனி சுவிட்சைத் தொட்டிருந்தது. தொட்டது அவருக்கு நன்றாகத் தெரியும். தள்ளுவதற்குள் தெருப்புழுதியில் கிடந்தார், மார்மேல் உமாபதியின் முழங்கால்.

"வண்டி! வண்டியைப் பாருங்க!" என்று கத்தினார். ஹாரன் சத்தத்தில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

தையல்நாயகி திரும்பிப் பார்த்தாள், காரைப் பார்த்தாள். எழுந்து ஓடியிருக்கலாம், இடம் இருந்தது. ஆனால் கையில் குச்சிகள் இருந்தன. விட்டால் ஆயிரக்கணக்கான இழையும் கலைந்து மூன்று புடவைப் பாவு குப்பையாகிவிடும். பாவு பிடித்த கையை எடுக்கக் கூடாது என்றுதான் அந்தத் தெருவில் பிறந்த எல்லாரும் கற்றிருக்கிறார்கள். குச்சிகளைச் சேர்த்துக் கட்டிவிட்டு எழுந்துகொள்ளலாம் என்று கயிற்றைத் தேடினாள். கட்டிக்கொண்டிருக்கும்போதே கார் வந்துவிட்டது.

விளக்குக் கம்பத்தில் மோதித்தான் அது நின்றது. சக்கரங்களில் அரக்குநிறப் பட்டு சுற்றிக்கொண்டிருந்தது. ஹாரன் மட்டும் நிற்கவில்லை. துரைக்கண்ணு எழுந்து போய் பேட்டரி ஒயரைப் பிடுங்கிய பிறகுதான் தெருவில் மனுஷக் குரல் கேட்டது. முதல் குரல் உமாபதியுடையது.

தையல்நாயகி பெரியாஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தாள். ஆரணியில் கட்டிக்கொடுத்திருந்த மகள் கமலாட்சி ஓடிவந்து பக்கத்தில் இருந்தாள். மூன்றாம் நாள் விடியற்காலையில் தையல்நாயகி போய்விட்டாள்.

கியரில் போட்டுவிட்டுப் போனதற்காக முனிரத்தினத்தின் மேல் கேஸ் எழுதினார்கள். முதலியார் வீட்டுக்குள்ளேயே அடைந்துகொண்டார். பொத்தானைத் தானே சுத்தியலால் உடைத்தார் என்று பேச்சு. துரைக்கண்ணு ஸ்டேஷனுக்குப் போய், ஒரு சுவிட்சு வைக்க வேண்டியிருந்தது, நான் வைக்கவில்லை, குற்றம் என்னுடையது என்று சொன்னார். எழுதிக்கொண்டிருந்தவர், 'உன்னை யாருபா கேட்டது?' என்று அனுப்பிவிட்டார். கேட்காததுதான் அவரைத் தின்றது. கொட்டகையில் உட்கார்ந்து ஒயரை எடுப்பார், வைப்பார். வந்த வேலையை எல்லாம் திருப்பி அனுப்பினார்.

கருமாதி முடிந்த மறுநாள் உமாபதி வீட்டுக்குப் போனார். அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்துதான் போனார். உமாபதி தறிக் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருந்தார், நெய்யவில்லை. துரைக்கண்ணு நின்றபடியே ஆரம்பித்தார்.

"அண்ணே, அந்த கியர் ராடுக்குக் கீழ ஒரு சுவிட்சு..."

"ஸ்டேஷன்ல சொன்னியாமே. கேள்விப்பட்டேன்." உமாபதி நிமிரவில்லை. "எனக்கு அது வாணாம். வேற ஒண்ணு கேக்கணும். நான் உன்னைப் புடிச்சி இழுத்தேனே, இழுக்காம இருந்திருந்தா நீ வண்டியை நிறுத்தியிருப்பியா?"

துரைக்கண்ணுவின் வலது கை விரல்கள் தாமாக மடங்கின. அந்தச் சுவிட்சின் சில்லிப்பு இன்னும் விரலில் இருந்தது. ஒரு நொடி, அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கும்.

"இல்லண்ணே" என்றார். "முடிஞ்சிருக்காது. நிறுத்துற சுவிட்சு இடது பக்கத்துல இருந்திச்சி. சுத்திகினு போறதுக்குள்ள வண்டி அங்க போயிருக்கும். நீ புடிச்சாலும் ஒண்ணுதான், புடிக்காட்டாலும் ஒண்ணுதான்."

உமாபதி அப்போதுதான் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார்.

"இடது பக்கத்துல இருந்திச்சின்னா, நீ எதுக்குபா வலது பக்கத்துக் கதவைத் தொறந்தே?"

துரைக்கண்ணுவின் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. அதைத் துடைக்கவும் தோன்றவில்லை.

உமாபதி தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"உள்ள கமலாட்சி இருக்குது. அவங்கப்பன் நான் இன்னா பண்ணேன்னு அதுக்கும் தெரியும். இன்னும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. உன்னை இங்க பாத்தா வந்து கேக்கும்." பிறகு, "அது கேட்டா, இப்ப என்கிட்ட சொன்னியே, அதையே சொல்லு" என்றார்.

பாத்திரச் சத்தம் நின்றது. துரைக்கண்ணு மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பெண் வெளியே வரும் வரை அங்கேயே நின்றார்.